ஒரே சேலைக்கு இரண்டு பேர் பணம் அனுப்பிவிட்டார்கள்: ஆன்லைன் கடைக்கு எந்த மென்பொருள் சரிவரும்?

கேட்டவர்: கண்டாங்கிக் கடை

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். கண்டாங்கிச் சேலை விற்கிறேன். சொந்தத் தறி கிடையாது. ஆறு நெசவாளர் வீடுகளில் நேராக வாங்கி, படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு விற்கிறேன். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் ஓடுகிறது. மாதம் தொண்ணூறு சேலை போகும். சராசரி விலை 1,600 ரூபாய். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் இரட்டிப்பாகும்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பாவில் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) நான்கைந்து சேலைதான் வரும். நெசவாளர் குறுக்கே ஓடும் ஊடை நூலை மாற்றிவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஆக என்னிடம் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் சேலைகள். காலை பதினொரு மணிக்கு ஸ்டேட்டஸில் படம் போட்டால் பன்னிரண்டுக்குள் நாற்பது செய்தி வந்துவிடும். "இது எனக்கு", "மூன்றாவது எனக்கு எடுத்து வையுங்கள்", "விலை?" என்று. யார் முதலில் சொன்னது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன்.

போன மாதம் கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று வந்தது. படம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் ஈரோட்டு ஆசிரியை ஒருவரும் பெங்களூர் அம்மா ஒருவரும் ஆறு நிமிட இடைவெளியில் பணம் அனுப்பியிருந்தார்கள். பெங்களூர் அம்மாவுக்குத் திருப்பி அனுப்பினேன். "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் பதில். முதல் நாளில் இருந்து என்னிடம் வாங்குகிறவர். அதற்குப் பிறகு என் ஸ்டேட்டஸைக்கூட அவர் பார்ப்பதில்லை. பட்டியலில் அவர் பெயர் வருகிறதா என்று நான்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி ஒழுங்காக ஒரு கடை போட வேண்டும். அண்ணன் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வூகாமர்ஸ் (நாமே நிறுவி நடத்தும் கடை மென்பொருள்) இலவசம், நானே செய்து தருகிறேன் என்கிறான். தோழி ஒருத்தி மாத வாடகைக்குக் கிடைக்கும் ஷாப்பிஃபை வைத்திருக்கிறாள். மதுரையில் ஒரு நிறுவனம் மஜெண்டோவில் செய்து தர 65,000 ரூபாயும், ஆண்டுப் பராமரிப்புக்கு 18,000 ரூபாயும் கேட்கிறது. முதல் ஆண்டுக்கு என்னால் 30,000 ரூபாய் வரை போட முடியும். எக்செல், டாலி தெரியும். நிரல் எழுதத் தெரியாது. எதை எடுப்பது?

பதில் 1: மாலை நேரம்

ஷாப்பிஃபை எடுங்கள். சர்வர் படுத்துவிட்டதா, அப்டேட் போட்டதில் கடை உடைந்துவிட்டதா என்ற கவலையே இருக்காது. இலவசம் என்று சொல்லப்படும் எதுவும் இலவசமில்லை. அண்ணன் மகனுக்கு வேலை கிடைத்துப் புனேவுக்குப் போன பிறகு யாரைக் கூப்பிடுவீர்கள்?

ஸோஹோ காமர்ஸையும் ஒருமுறை பாருங்கள். நம் ஊர் வரிக்கணக்கு தெரிந்தவர்கள் செய்தது. ஸோஹோவின் கணக்கு மென்பொருளோடு சேர்ந்து ஓடும்.

பதில் 2: குத்துவிளக்கு

அம்மா, கும்பகோணத்தில் பித்தளைச் சாமான் விற்கிறேன். நாச்சியார்கோவில் விளக்குதான் பெரும்பகுதி. 2011-இல் ஓப்பன்கார்ட் என்ற கடை மென்பொருளில் தொடங்கி, நடுவில் ஒரு மாத வாடகைச் சேவைக்குப் போய், பிறகு வூகாமர்ஸுக்கு வந்தேன். மூன்று முறை கடை மாற்றிய வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மதுரைக்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். மஜெண்டோ நல்ல மென்பொருள்தான். 2018-இல் அடோபி வாங்கியது. பல்லாயிரம் பொருள், நான்கு கிடங்கு, தனியாகப் பொறியாளர் குழு உள்ளவர்களுக்கு அது. தொண்ணூறு சேலைக்கு அதை வைப்பது, கறிவேப்பிலை வாங்கத் தேரை இழுத்துக்கொண்டு போவது மாதிரி.

உங்கள் நோய் "கடை இல்லை" என்பதல்ல, "எண்ணிக்கை இரண்டு இடத்தில் இருக்கிறது" என்பது. நோட்டில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று. இணையதளம் போட்டுவிட்டு ஸ்டேட்டஸில் "இது எனக்கு" என்பதையும் ஏற்றுக்கொண்டால் மூன்றாவதாக இன்னொரு எண்ணிக்கை சேரும், அவ்வளவுதான். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் எதுவானாலும் தன் வாசல் வழியாக வந்த விற்பனையை மட்டும்தான் கழிக்கும். ஆகவே கடை திறந்த நாளில் இருந்து படத்தோடு அந்தச் சேலையின் இணைப்பையும் போடுங்கள். யார் "எனக்கு" என்றாலும் பதிலுக்கு அதே இணைப்பு. பத்து நாள் முணுமுணுப்பார்கள். பிறகு பழகிவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கூடையில் போட்டால் சேலை அவருக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டதாக வாடிக்கையாளர் நினைப்பார். ஒதுக்கப்படாது. பத்துப் பேர் கூடையில் அதே ஒற்றைச் சேலை கிடக்கலாம். வூகாமர்ஸில் ஆர்டர் பொத்தானை அழுத்திப் பணம் கட்டப் போகும்போதுதான் இருப்பைப் பிடித்து வைக்கும். எத்தனை நிமிடம் என்று அமைப்புகளில் இருக்கிறது. தானாக 60 என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு அது அதிகம். ஒருவர் ஆர்டரை அழுத்திவிட்டுப் பணம் கட்டாமல் மதியத் தூக்கம் போட்டால், ஒரு மணி நேரம் அந்தச் சேலை வேறு யாருக்கும் கிடைக்காது. ஐந்து என்றும் வைக்காதீர்கள். யுபிஐ இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஆர்டர் ரத்தாகிவிடும். நான் 20 வைத்திருக்கிறேன். கூடையில் போட்டவர்களுக்கு உண்மை தெரிய, "பணம் கட்டிய பிறகே சேலை உங்களுடையது" என்று ஒரு வரியை விலைக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, நானே என் காலில் போட்டுக்கொண்ட கல். வாடிக்கையாளர் பணம் கட்ட யுபிஐ செயலிக்குப் போவார். கட்டி முடித்ததும் உலாவிக்குத் திரும்பாமல் கைப்பேசியை மேசையில் வைத்துவிடுவார். பணம் போய்விட்டது, ஆனால் கடைக்குச் செய்தி வரவில்லை. ஆர்டர் "பணம் வரவில்லை" என்றே நிற்கும், நேரம் முடிந்ததும் ரத்தாகும், விளக்கு வேறொருவருக்குப் போகும். இதைத் தடுக்கத்தான் வெப்ஹூக் இருக்கிறது. வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணத்தை வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் சேவை) நேராகக் கடையிடம் "பணம் வந்தது" என்று சொல்லும். அதை அமைக்காமல் இரண்டு மாதம் ஓட்டினேன். பதினொரு பேர் என்னைத் திருடன் என்று நினைத்திருப்பார்கள். திறப்பதற்கு முன் ஒரு ரூபாய்க்கு ஒரு பொருளைப் போட்டு, உங்கள் கைப்பேசியிலேயே வாங்கி, யுபிஐ செயலியில் இருக்கும்போதே உலாவியை மூடிவிடுங்கள். ஆர்டர் தானாக "பணம் வந்தது" என்று மாறினால் அண்ணன் மகன் வேலை தெரிந்தவன்.

செலவு. உங்கள் கணக்கில் மாதம் 1,44,000 ரூபாய் வியாபாரம். கேட்வே பொதுவாக 2 சதவீதமும் அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும். அது 3,398 ரூபாய். இதுவரை கூகுள் பேயில் கட்டணமே இல்லாமல் வாங்கியவருக்கு இது உறுத்தும். யுபிஐக்குக் குறைத்துக் கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இந்தச் செலவு எந்த மென்பொருளுக்கும் உண்டு. ஷாப்பிஃபையில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய சொந்தப் பணச்சேவை இந்தியாவில் கிடையாது என்பதால் வெளி கேட்வேதான் வைக்க வேண்டும். வெளி கேட்வே வைத்தால் அடிப்படைத் திட்டத்தில் விற்பனையில் 2 சதவீதம் அவர்களுக்கு. மாதம் 2,880 ரூபாய், ஆண்டுக்கு 34,560. வாடகையைச் சேர்க்காமலே உங்கள் 30,000 காலி. ஷாப்பிஃபை மோசம் என்று சொல்லவில்லை. 2006-இல் தொடங்கியதில் இருந்து அவர்கள் வாங்குவது தூக்கத்துக்கான விலை. மாதம் பத்து லட்சம் ஓடும் கடையாக இருந்தால் பெரிய திட்டத்துக்குப் போய் அந்த விழுக்காட்டைக் குறைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு இப்போது கட்டாது.

வூகாமர்ஸுக்கு நல்ல ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) ஆண்டுக்கு 5,000 ரூபாய், டொமைன் (தளத்தின் பெயர்) ஆயிரத்துக்குள். மாலை நேரம் என்பவர் கேட்டது நியாயமான கேள்வி. அண்ணன் மகன் ஊரை விட்டுப் போவான். மாதம் ஆயிரம் கொடுத்து அப்டேட்டும் பேக்கப்பும் பார்க்க ஓர் ஆளை இப்போதே பிடித்து வையுங்கள். ஹோஸ்டிங், டொமைன் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18,000-இல் முடியும். பேக்கப் ஹோஸ்டிங்கிலேயே கிடந்தால் அது பேக்கப் இல்லை. வீட்டுக் கணினியில் ஒரு நகல் வேண்டும்.

கடைசியாக, எதை எடுத்தாலும் வெளியேறும் வழியை முதல் நாளே பாருங்கள். நடுவில் நான் போன வாடகைச் சேவையில் பொருள் பட்டியலைக் கோப்பாக எடுக்க முடிந்தது, நான்கு ஆண்டு ஆர்டர்களை எடுக்க முடியவில்லை. யாருக்கு என்ன விளக்கு விற்றேன் என்ற கணக்கு அங்கேயே போயிற்று. கூகுளில் ஏறியிருந்த பழைய இணைப்புகளும் செத்தன. பணம் கொடுப்பதற்கு முன் பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் மூன்றையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

பதில் 3: கணக்குப்பிள்ளை

சகோதரி, குத்துவிளக்கு ஐயா சொன்னதோடு வரிப்பக்கம் மட்டும் சேர்க்கிறேன். ஈரோட்டுக்குப் போகும் சேலைக்கு 2.5 சதவீதம் மத்திய வரி, 2.5 சதவீதம் மாநில வரி. பெங்களூருக்குப் போனால் அதே 5 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஒரே வரி. முகவரியில் உள்ள மாநிலத்தைப் பார்த்து மென்பொருளே பிரித்து பில்லில் போட வேண்டும். வூகாமர்ஸில் மாநில வாரியாக வரி அட்டவணையை ஒருமுறை நிரப்பினால் போதும்.

வெளி மாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கு நிபந்தனையோடு விலக்கு இருக்கிறது. பெங்களூருக்கு அனுப்புகிறீர்கள் என்பதால் கடை திறப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி உங்கள் பெயர், முகவரி, குறைகேட்கும் அலுவலர் விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். அந்த அலுவலர் நீங்களே ஆகலாம்.

கண்டாங்கிக் கடை

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்காரர்களுக்குக் கும்பிடு போட்டாயிற்று. ஐயா, ஒரு சந்தேகம். என்னிடம் வாங்குகிறவர்களில் ஏழெட்டுப் பேர் அறுபது தாண்டியவர்கள். இணைப்பைத் தொட மாட்டார்கள். போனில் "அம்மா, எனக்கு அந்தச் செங்கல் நிறம்" என்பார்கள். அவர்களை விட முடியாது.

குத்துவிளக்கு

விடாதீர்கள். ஆனால் நோட்டில் எழுதாதீர்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டே கைப்பேசியில் வூகாமர்ஸ் செயலியைத் திறந்து அவர் பெயரில் நீங்களே ஆர்டர் போடுங்கள். நிலையை "நிறுத்தி வைத்தது" என்று வையுங்கள். அப்படி வைத்தால்தான் இருப்பு குறையும். "பணம் வரவேண்டியது" என்று விட்டால் சேலை கடையில் இன்னும் விற்பனைக்கு நிற்கும். பணம் அவர் எப்படிக் கொடுத்தாலும் வந்த பிறகு நிலையை மாற்றிக்கொள்ளலாம். எண்ணிக்கை ஒரே இடத்தில் இருக்கும்.

கண்டாங்கிக் கடை (இருபத்திரண்டு நாள் கழித்து)

கடை திறந்தாயிற்று, வூகாமர்ஸில்தான். முதலில் இருபது சேலை. ஐயா சொன்ன சோதனையைச் செய்தோம். முதல் தடவை தோற்றது. வெப்ஹூக் முகவரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இரண்டாவது தடவை உலாவியை மூடிய பிறகும் ஆர்டர் மாறியது. மொத்தம் பதினான்கு சேலை தளத்தில் போயிருக்கிறது, இரண்டு பேர் மோதல் இல்லை. பெங்களூர் அம்மாவுக்குக் கடையின் இணைப்பை அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் ஒரு கூத்து நடந்துவிட்டது. "சோதனைச் சேலை, 1 ரூபாய்" என்பதை அண்ணன் மகன் எடுக்க மறந்துவிட்டான். நேற்று இரவு திருப்பூரில் இருந்து ஒருவர் ஆர்டர் போட்டு, ஒரு ரூபாயும் கட்டி, "எப்போது அனுப்புவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். என்ன செய்வது ஐயா?

குத்துவிளக்கு

மன்னிப்புக் கேட்டு ஒரு ரூபாயைத் தளத்தில் இருந்தே திருப்பிவிடுங்கள். பணம் திருப்பும் பொத்தான் வேலை செய்கிறதா என்று நாம் இன்னும் பார்க்கவில்லை.