சுயதணிக்கையா, எண்ணப்பூட்டா?

குழுவினருக்கு வணக்கம்.

டிஸ்டோபியப் புதினங்களுக்கான, அதாவது கொடிய கற்பனைச் சமூகங்களைச் சித்திரிக்கும் கதைகளுக்கான, நம் சொற்பட்டியலில், ஆபத்தான எண்ணம் எழும் முன்பே மனிதர் தம்மைத் தடுத்துக்கொள்வதைக் குறிக்க 'சுயதணிக்கை' என்பதையே நிலைநிறுத்திவிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. தணிக்கை என்றால், எழுதப்பட்ட ஒன்று முதலில் இருந்தாக வேண்டும்; பிறகு அதில் கத்திரி விழ வேண்டும். 1975இல் நெருக்கடிநிலை வந்தபோது சில நாளேடுகள் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டு அச்சிட்டன. அந்த வெற்றிடம் வாசகர் கண்ணில் பட்டது. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' புதினத்திலோ, கட்சிக்காரன் ஆபத்தான எண்ணத்தின் வாசற்படியிலேயே, தான் நின்றுவிட்டதைக்கூட உணராமல் நின்றுவிடப் பழக்கப்படுகிறான். வெட்டுவதற்கு அங்கே எதுவும் உருவாவதில்லை. எனவே வெற்றிடமும் தெரிவதில்லை.

பாம்பன் படகுக்காரர்களின் வயர்லெஸ் பேச்சை நண்பர் ஒருவர் சுயதணிக்கைக்கு எடுத்துக்காட்டாகத் தந்திருந்தார். நல்ல மீன்பாடு கண்டவர், மற்ற படகுகளும் செவி வைத்திருக்கும் என்பதால், "சுமாராத்தான் கெடக்கு மச்சான்" என்று சொல்லி, தம் ஆளுக்கு மட்டும் புரியும்படி ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிடுவார். இது அழகான எடுத்துக்காட்டுதான், ஆனால் நமக்கு எதிரான பக்கத்தில் நிற்கிறது. எதை மறைக்கிறோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்; கரைக்கு வந்து ஐஸ் பெட்டியை இறக்கும்போது உற்றவரிடம் இடத்தைச் சொல்லியும்விடுவார். நாம் தேடும் சொல் இவரைத் தொடவே கூடாது.

'நாவடக்கம்' பொருந்தாது, நாகாக்கச் சொன்ன குறளுக்குப் பின் அது நற்குணமாகவே ஒலிக்கும். 'ஒத்தூதல்' நையாண்டிக்கு ஏற்றதென்றாலும், ஆதாயம் கருதி ஊதுகிறவனையே அது சுட்டும். ஆர்வெலின் குடிமகனுக்கு ஆதாயம் எதுவும் இல்லை.

மேடைப் பேச்சுக்கு ஆங்கிலேய அரசு விதித்த தடையை 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என்றே இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியவர்கள் குறிப்பிடுவார்கள். அந்த வழக்கை ஒட்டி 'எண்ணப்பூட்டு' என்று ஆக்கலாம் என்பது என் முன்மொழிவு. வாய்க்குப் பூட்டு விழுந்தவன் உள்ளே பேசிக்கொண்டுதான் இருப்பான் என்பதால், இரு சொற்களையும் அடுத்தடுத்து வைத்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

பூட்டு என்றாலே பூட்டுகிறவன் ஒருவன் வேண்டாமா, ரே பிராட்பரியின் 1953ஆம் ஆண்டுப் புதினமான 'ஃபாரன்ஹீட் 451'இல் சீரழிவு அரசாணையால் தொடங்கவில்லையே என்று கேட்கப்பட்டது. அதில் புத்தகங்களை எரிக்கும் தீயணைப்புப் படையின் தலைவரே, இது அரசிடமிருந்து தொடங்கவில்லை என்கிறார்; மக்கள் தாமாகவே வாசிப்பைக் கைவிட்டார்கள் என்று முன்னாள் பேராசிரியர் ஃபேபர் சொல்கிறார். இந்தக் கேள்விக்கு நம் துணைவினையே விடை வைத்திருக்கிறது: அரசு எண்ணப்பூட்டு 'போட்டது' என்றும், மக்கள் எண்ணப்பூட்டு 'போட்டுக்கொண்டார்கள்' என்றும் ஒரே சொல்லை இருவகையாகவும் ஆளலாம். சுயதணிக்கையில் இந்த நெகிழ்வு இல்லை. 'சுய' முன்பே ஒட்டிக்கொண்டதால் அரசு நழுவிவிடுகிறது.

கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொள்ளும் இயல்பை 'ஒத்துப்போக்கு' என்று தனிப்பதிவாகவே வைத்திருக்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.