ஸ்பாஞ்ச் சிட்டிக்குத் தமிழில் என்ன சொல்? ‘நீர்தாங்கு நகர்’ – ஒரு பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஸ்பாஞ்ச் சிட்டி’ என்பது மழைநீரை உடனே வெளியேற்றிவிடாமல் விழுந்த இடத்திலேயே ஊறவும் சேரவும் விட்டு வெள்ளத்தைக் குறைக்கும் நகர அமைப்பு. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நம் சொல்லாக்கக் குழுமத்தில் நான்கு நாளாக ஓடும் இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டு எழுதுகிறேன். வந்திருக்கும் மூன்று பரிந்துரைகளையும் முதலில் பார்த்துவிடலாம்.

> ஸ்பாஞ்ச் என்றால் பஞ்சு. ‘பஞ்சு நகரம்’ எல்லாருக்கும் புரியும்.

புரியவில்லை, ஐயா. எங்கள் வார்டு கூட்டத்துக்காக ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்த்தபோது நானும் ‘பஞ்சு நகரம்’ என்றுதான் எழுதினேன். படித்துக் காட்டியதும் முன்வரிசையில் இருந்த அம்மா, “நம்ம பக்கம் மில்லு வருதாப்பா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. பஞ்சு என்றால் நமக்குப் பருத்தி. பஞ்சு நகரம் என்றால் கோயம்புத்தூர், இராஜபாளையம்.

> ‘கடற்பாசி நகரம்’ என்று மொழிபெயர்ப்புக் கருவி தருகிறது.

கடற்பாசி மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறித்து வருவது. ஸ்பாஞ்ச் வேறு உயிர். இதை விட்டுவிடலாம்.

> ‘உறிஞ்சு நகரம்’. வினையைச் சொன்னால் போதும்.

மூன்றில் இதுதான் வலுவானது. பொருளை விட்டு வேலையைப் பெயராக்குவது நல்ல வழி. ஆனால் அந்த வினை நம்மிடம் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. நாளிதழைத் திறந்தால் ‘நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆலை’, ‘ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சுகிறார்கள்’. மண்ணிலிருந்து நீரை எடுப்பதுதான் உறிஞ்சுவது. நாம் பெயர் வைக்கப் போவதோ மண்ணுக்கு நீரைத் திருப்பிக் கொடுக்கும் நகருக்கு. ‘உறிஞ்சு நகரம்’ என்றால் லாரித் தண்ணீரில் வாழும் நகரம் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

இன்னொன்று, உறிஞ்சுவது முழு வேலையும் இல்லை. சீனாவில் இந்தத் திட்டத்தை ஆறு வினைகளால் சொல்கிறார்கள். நீர் மண்ணில் ஊற வேண்டும், ஓட்டம் தயங்க வேண்டும், சேர வேண்டும், தெளிய வேண்டும், பயன்பட வேண்டும், மிஞ்சியது வடிய வேண்டும். 2015-இல் 16 நகரங்களிலும் மறு ஆண்டு இன்னும் 14 நகரங்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். பெய்யும் மழையில் 70 சதவீதத்தை விழுந்த இடத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும், 2030-க்குள் நகர்ப்பரப்பில் 80 சதவீதம் இதற்குத் தகுதி பெற வேண்டும் என்பது இலக்கு.

இந்த எண்ணத்தை வளர்த்தெடுத்த நிலவடிவமைப்பாளர் யூ கோங்ஜியான் ஜெஜியாங் மாகாணத்து உழவர் வீட்டுப் பிள்ளை. சிறுவனாக வெள்ளத்தில் விழுந்தபோது கரையோர வில்லோ மரங்களையும் நாணலையும் பிடித்துக்கொண்டு பிழைத்ததை அவரே சொல்லியிருக்கிறார். கரையில் கான்கிரீட் சுவர் இருந்திருந்தால் பிடிக்க ஒன்றும் கிடைத்திருக்காது. பிற்பாடு ஜின்ஹுவா நகரின் யான்வெய்ஜோ பூங்காவில் அவர் வெள்ளத்தடுப்புச் சுவரை இடித்துவிட்டு, ஆற்று வெள்ளம் ஏறி இறங்கப் புல் வளர்ந்த படிக்கட்டு நிலங்களை அமைத்தார். 2025 செப்டம்பரில் பிரேசிலின் பாண்டனால் சதுப்புநிலத்தில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அவர் கருத்துக்கு நாம் வைக்கும் பெயர் அதன் வேலையைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் பரிந்துரை: நீர்தாங்கு நகர். பூங்கா அளவில் இருந்தால் தாங்கல் பூங்கா.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நண்பர்களுக்குத் தாங்கலை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு வேடந்தாங்கலும் ஐயப்பன்தாங்கலும் பழவந்தாங்கலும் தெரியும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் இதையே ‘ஏந்தல்’ என்பார்கள். இரண்டும் கை செய்யும் வேலையிலிருந்து வந்த பெயர்கள்.

என் பெரியப்பா எங்கள் ஊர்த் தாங்கலின் நீரைக் கவனித்துப் பாய்ச்சும் நீர்கட்டியாக இருந்தவர். முதல் மழைக்கு என்னையும் கரைக்குக் கூட்டிப் போவார். கோடையில் வெடித்த தாங்கல் தரையில் கை நுழையும் அளவு பிளவுகள் இருக்கும். மழை கொட்டும், தண்ணீர் நிற்காது. பிளவுகளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், உள்ளிருந்து காற்றுக் குமிழிகள் ‘குபுகுபு’வென்று மேலே வரும். களிமண் மெல்லப் புடைத்துப் பிளவுகள் மூடிய பிறகுதான் ஒரு மினுமினுப்பாக நீர் நிற்கத் தொடங்கும். “இப்பத்தான் அதுக்குத் தாகம் அடங்கிச்சு. இனிமே தாங்கும்” என்பார். அடுத்து அவர் கண் போகும் இடம் கலிங்கல். மிஞ்சுவது கரையை உடைக்காமல் அடுத்த ஏரிக்குப் போகும் வழி அது.

அந்தக் கலிங்கலுக்காகத்தான் இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பாஞ்ச் சிட்டிப் பணிகள் நடந்த சீனாவின் ஜெங்ஜோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டியது. சுரங்க ரயிலிலும் சுரங்கப்பாதையிலும் மக்கள் சிக்கினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊறிய பஞ்சு மேற்கொண்டு ஒரு சொட்டும் வாங்காது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏந்தக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே இப்படிப்பட்ட மழை இனியும் வரும். ‘தாங்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘எவ்வளவு தாங்கும்?’ என்ற கேள்வி இருக்கிறது. பொறியாளரிடம் அந்தக் கேள்வியை ஊர்க்காரர் கேட்க வேண்டும்.

வருவாய்த் துறைப் பதிவேடுகளில் ‘தாங்கல் புறம்போக்கு’ இன்றும் ஒரு நில வகை. நகராட்சி ‘தாங்கல் பூங்கா’ என்று பலகை வைத்தால், ‘பழைய தாங்கல் எங்கே போனது?’ என்று யாராவது பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலுக்குள் வந்தது 1,247.54 ஹெக்டேர். முன்பு அது இதைவிடப் பல மடங்கு விரிந்து கிடந்தது. புதிதாகக் குளம் வெட்டுவதைவிட இருப்பதைக் காப்பது முதல் வேலை. பெயரும் அந்தப் பக்கமே கை காட்டட்டும்.

(தாய்ச்சொல்லான நேச்சர் பேஸ்டு சொல்யூஷன்ஸுக்கு ‘இயற்கை சார்ந்த தீர்வுகள்’ பரவிவிட்டது. ‘இயற்கைவழித் தீர்வு’ இன்னும் கட்டாக இருக்கும். அதைத் தனி இழையில் பேசலாம்.)

அன்புடன்,
பழவந்தாங்கலிலிருந்து

—

> என் பரிந்துரை: நீர்தாங்கு நகர்.

வணக்கம் அண்ணை. சொல் நல்லாயிருக்கு. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சந்தேகம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். மழை கனநேரம் நிலத்தில நிற்காது, கீழ இறங்கிக் கிணத்துக்குப் போகும். அப்பிடிப் போகாட்டிக் கிணறு உவராகிடும். எங்களுக்குத் தாங்குறதைவிட ஊறுறதுதான் முக்கியம். கொழும்பைச் சொன்னால் உங்கட சொல் பொருந்தும். சதுப்புநிலங்கள்தான் அந்த நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்குது, 2018-இல ராம்சார் ஈரநில நகரம் எண்ட அங்கீகாரமும் கிடைச்சது. மற்றது, ‘தாங்கல்’ எண்டால் ‘மனத்தாங்கல்’ நினைவு வராதோ?

—

அன்புத் தம்பிக்கு,

மனத்தாங்கல் தனித்து நிற்கும் சொல், ‘நீர்’ முன்னால் வந்தால் குழப்பம் வராது என்று நம்புகிறேன். முதல் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது.

‘தாங்கு’ என்பதை நாம் எப்படிப்பட்ட சொற்களில் வைத்திருக்கிறோம் என்று பார்த்தேன். சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைத்த சுமை அங்கேயே கிடப்பதில்லை. வழிப்போக்கர் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு நடப்பார். இடிதாங்கி இடியை வாங்கி அப்படியே மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. ஆக, தமிழில் தாங்குவது தன்னிடமே வைத்துக்கொள்வது மட்டும் இல்லை. அடியை வாங்கிச் சேதமில்லாமல் கைமாற்றி விடுவதும் தாங்குவதுதான். உங்கள் சுண்ணாம்புக்கல் இடிதாங்கி வகை, எங்கள் களிமண் சுமைதாங்கி வகை. இரண்டும் ‘நீர்தாங்கு’ என்பதில் அடங்கும். ‘ஊறல் பரப்பு’ என்பதையும் துணைச்சொல்லாகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். சிமென்ட் போடாமல் விட்ட தெரு ஓரம், பள்ளி மைதானம் எல்லாவற்றையும் சுட்ட நமக்கு அப்படி ஒரு சொல் வேண்டும்.

சந்தி குறித்துக் கேட்டிருந்த ஆசிரியை அம்மாவுக்கு: ‘நீர்த்தேக்கம்’ போல ஒற்று மிகாதா என்றீர்கள். ‘சுமைதாங்கி’, ‘நீர்காத்த அய்யனார்’ வழியில் மிகாமல் ‘நீர்தாங்கு’ என்றே எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அம்மா. அன்று இரவு சொற்பட்டியலில் ஏற்றப் போகிறேன்.