கூட்டின் விளிம்புகளைத் தையல் வெல்டு செய்வது பயன் தருமா?

அச்சாணி:
எஃகுத் தகட்டாலான மோனோகாக் கூடு (தனி அடிச்சட்டம் இல்லாமல் உடலே சுமையைத் தாங்கும் அமைப்பு) கொண்ட பழைய ஹாட்ச்பேக் ஒன்றைப் பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்காகத் தயார் செய்து வருகிறேன். இருக்கைகள், உள்ளலங்காரம், ஒலித்தடுப்புத் தார் எல்லாவற்றையும் அகற்றிவிட்டதால், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகள் இப்போது வெளியே தெரிகின்றன. ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு) பொருத்துவதற்கு முன், 25 மில்லிமீட்டர் வெல்டு, அதே அளவு இடைவெளி என்ற கணக்கில் இவற்றைத் தையல் வெல்டு செய்யலாம் என்று எண்ணுகிறேன். கூடு உண்மையிலேயே விறைப்படையுமா, உழைப்புதான் வீணாகுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

நெருப்புக்கோல்:
தயங்காமல் செய்யுங்கள். தொழிற்சாலையில் கூட்டை இணைப்பவை சில ஆயிரம் ஸ்பாட் வெல்டுகள், அதாவது புள்ளி புள்ளியாக இட்ட வெல்டுகள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் தகடு வெறுமனே ஒட்டி நிற்கிறது. கூடு முறுக்கப்படும்போது அந்த இடைவெளியில் இரண்டு தகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று நழுவப் பார்க்கின்றன. முறுக்கைத் தாங்குவது மூடிய பெட்டி வடிவம்தான். அதன் நீளவாக்கில் ஒரு பிளவை விட்டுப் பாருங்கள்: தகடும் எடையும் மாறுவதில்லை, ஆனால் முறுக்கு விறைப்பில் மிகப் பெரும்பகுதி போய்விடும். ஸ்பாட் வெல்டு இட்ட விளிம்பு இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்டது. தையல் வெல்டு அதை மூடிய நிலைக்கு நெருக்கமாகக் கொண்டுசெல்கிறது. ராலி கார்களைக் கட்டுவோர் பல பத்தாண்டுகளாக இதைச் செய்து வருவது பொழுதுபோக்குக்காக அன்று.

முறுக்குவிசை:
கோட்பாடு சரி, ஆனால் அது சொல்லும் அளவு ஆதாயம் இங்கே கிடைக்காது. ஒழுங்காக ஸ்பாட் வெல்டு செய்யப்பட்ட விளிம்பு, நண்பர் சொல்லும் பிளவுக் குழாயைவிட மூடிய குழாய்க்கே மிக நெருக்கமாக நடந்துகொள்ளும். கூடு வளைவது பெரும்பாலும் விளிம்புகளில் அன்று. கதவுகளுக்கும் பின்கதவுக்கும் விடப்பட்ட பெரிய திறப்புகளின் மூலைகளிலும், தூண்கள் அடிச்சட்டத்தில் வந்து சேரும் இடங்களிலும்தான். அங்கே வடிவமே பலவீனமானது என்பதால், விளிம்பை எவ்வளவு தைத்தாலும் திறப்பு திறப்பாகவே இருக்கும். அதைக் குறுக்கே கட்டிப்போடுவது ரோல் கேஜின் குழாய்கள்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூடும் சஸ்பென்ஷனும் தொடராக இணைந்த ஸ்பிரிங்குகள் போன்றவை. சஸ்பென்ஷனின் உருளல் விறைப்பு (திருப்பத்தில் கார் பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் அளவு) ஒரு டிகிரிக்கு 1,000 நியூட்டன் மீட்டர், கூட்டினுடையது 10,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டை 12,000க்கு உயர்த்தினாலும் ஓட்டுநரால் அதை உணர்வது கடினம். ஸ்லிக் டயரும் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) கடினமான ஸ்பிரிங்கும் போட்டு உருளல் விறைப்பை 3,000க்குக் கொண்டுபோனால்தான் கதை மாறும். கூடு தளர்வாக இருந்தால், முன் ஆன்டி ரோல் பாரை (சாய்வைக் குறைக்க இடவல சக்கரங்களை இணைக்கும் தண்டு) எவ்வளவு மாற்றினாலும் காரின் சமநிலை நீங்கள் எதிர்பார்த்தபடி மாறாது. எந்த ஸ்பிரிங்கைப் போடப்போகிறீர்கள் என்று சொல்லாமலே கூட்டின் விறைப்பைக் கேட்பது பாதிக் கேள்விதான்.

துருவிரோதி:
நான் பாடி வேலை செய்பவன்; விறைப்புக் கணக்கில் தலையிட மாட்டேன். வெல்டு செய்யும் முன் சீலரையும் பெயின்டையும் அடித்தகடு தெரியும்வரை நீக்காவிட்டால் வெல்டு துளை துளையாகத்தான் விழும். துத்தநாகப் பூச்சு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அது 907 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும், ஆகவே வெல்டு பிடிப்பதற்குள் பூச்சு புகையாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும். பெட்டிப் பகுதியின் உட்புறத்தில் எரிந்த பூச்சைத் தூரிகையால் திரும்பப் பூச வழியில்லை. துளை வழியாக மெழுகைப் பீய்ச்சியடிக்க வேண்டும். செய்யாவிட்டால் அந்தத் தகட்டை உள்ளிருந்து துரு தின்னும்.

புதிய தலைமுறைக் கார் என்றால் நான் வெல்டு கோலையே தொட விடமாட்டேன். அவற்றில் பல இடங்களில் ஸ்பாட் வெல்டுகளுக்கு நடுவே கட்டமைப்புப் பசை இருக்கும். டொயோட்டா 2024இல் ஜிஆர் யாரிஸைப் புதுப்பித்தபோது ஸ்பாட் வெல்டுகளை ஏறத்தாழ 13 விழுக்காடும் பசையை ஏறத்தாழ 24 விழுக்காடும் கூட்டியது. பசை செய்துகொண்டிருக்கும் வேலையை உங்கள் வெல்டின் சூடு எரித்துவிடும். தூண்களில் உள்ள போரான் எஃகும் (சூடாக்கிக் கடினப்படுத்திய மிக வலிய எஃகு) சூடுபட்ட இடத்தில் வலிமை இழக்கும்.

நெருப்புக்கோல்:
துருவிரோதி சொல்வது புதிய கார்களுக்குப் பொருந்தும். இவருடையது சாதாரண மென்னெஃகுக் கூடு. நண்பர் முறுக்குவிசையோ எண்ணை மட்டும் பார்க்கிறார், ஆயுளைப் பார்க்கவில்லை. கடினமான ஸ்பிரிங்கோடு பந்தயத் தடத்தின் ஓர மேட்டில் ஏறி இறங்கும் கார், ஸ்ட்ரட் கோபுரத்தை (சஸ்பென்ஷனின் மேல்முனை கூட்டில் பொருந்தும் இடம்) சுற்றியுள்ள ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கும். பிஎம்டபிள்யூ இ46 வரிசையில் பின் சப்ஃப்ரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் துணைச்சட்டம்) பிடிப்பைச் சுற்றித் தரைத்தகடு விரிசல் விடுவது ஊரறிந்த விஷயம். அங்கே தகடு வைத்து வெல்டு செய்கிறவர்கள் டிகிரிக் கணக்கு பார்த்தா செய்கிறார்கள்?

முறுக்குவிசை:
அது எனக்கே சாதகமான எடுத்துக்காட்டு. விசை நுழையும் இடத்தைக் கண்டறிந்து, அங்கே சுமையை விரித்துவிடும் தகட்டைப் பொருத்துகிறார்கள். கூடு முழுவதையும் தைக்கவில்லை. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியும் ரோல் கேஜின் முதன்மைக் கால்களுக்கு அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகட்டைக் கேட்பது இதே காரணத்துக்காகத்தான். மேலும், ஒவ்வொரு தையல் வெல்டுக்கும் இரண்டு முனைகள் உண்டு. ஓயாது ஆடும் மெல்லிய தகட்டில் விரிசல் பிறக்க விரும்பும் இடமும் அதுதான்.

அச்சாணி:
அப்படியானால் எங்கே வளைகிறது என்பதை நானே அளக்க முடியுமா?

முறுக்குவிசை:
முடியும். பின் கோபுரங்களை அசையாமல் பிடித்துவிட்டு, முன் கோபுரங்களின் குறுக்கே நடுவில் ஊன்றிய உத்திரம் ஒன்றை வையுங்கள். நடுவிலிருந்து 1.5 மீட்டர் தொலைவில் 100 கிலோ எடையைத் தொங்கவிட்டால் முறுக்கு சுமார் 1,470 நியூட்டன் மீட்டர். கோபுரங்களுக்கு அருகே ஒரு மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு டயல் அளவிகளில் (நுண்ணிய நகர்வைக் காட்டும் கருவி) ஒன்று 1 மில்லிமீட்டர் மேலும் மற்றது 1 மில்லிமீட்டர் கீழும் நகர்ந்தால், கோணம் 0.115 டிகிரி, விறைப்பு டிகிரிக்கு ஏறத்தாழ 12,800. அளவிகளைக் கூட்டின் நீளவாக்கில் பல இடங்களில் வைத்தால், எந்த இடத்தில் கோணம் திடீரெனத் தாவுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நெருப்புக்கோல்:
பின்புறத் தாங்கி கொஞ்சம் அசைந்தாலும் அந்த அசைவு கூட்டின் கணக்கில்தான் ஏறும் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

முறுக்குவிசை:
ஆம், பின்புறத்திலும் இரண்டு டயல் அளவி வைத்து அந்தக் கோணத்தைக் கழிக்க வேண்டும்.

அச்சாணி:
ரோல் கேஜை முதலில் ஏற்றிவிட்டு, தேவைப்படும் இடங்களை மட்டும் பிறகு வெல்டு செய்துகொள்கிறேன்.

நெருப்புக்கோல்:
வரிசையைத் தலைகீழாக்குகிறீர்கள். முன்தூணை ஒட்டிக் குழாய் ஏறியபின் அதன் பின்னால் உள்ள விளிம்புக்கு வெல்டு டார்ச் போகாது. கோபுரங்கள், முன்தூண் அடி, சப்ஃப்ரேம் பிடிப்புகள் ஆகியவற்றை இப்போதே முடியுங்கள். கூட்டை ஜிக்கில் (வடிவம் மாறாமல் பிடிக்கும் சட்டம்) இறுக்கி, பக்கம் மாற்றி மாற்றி ஆறவிட்டு வெல்டு செய்யுங்கள். கதவுகளை மாட்டி இடைவெளியை அவ்வப்போது பாருங்கள், கோணியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

துருவிரோதி:
கோபுரத்துக்கு முன்னால் உள்ள நீளச்சட்டங்களை விட்டுவிடுங்கள். மோதலில் மடிந்து விசையை வாங்கிக்கொள்ளும்படி அவை வடிவமைக்கப்பட்டவை. தைத்துவிட்டால் எப்படி மடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முறுக்குவிசை:
டார்ச் நுழையாது என்ற காரணத்தை ஏற்கிறேன். அந்த மூன்று இடங்களை இப்போதே செய்யலாம். ஆனால் முதல் வெல்டுக்கு முன் ஒருமுறை, கேஜுக்கு முன் ஒருமுறை, கேஜுக்குப் பின் ஒருமுறை அளவெடுத்து மூன்றையும் இங்கே பதியுங்கள். கடைசி அளவை மட்டும் எடுத்தால், கேஜ் தந்த விறைப்பையும் நெருப்புக்கோல் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்.