கிராபிக்ஸ் கார்டு மாற்றியதிலிருந்து விண்டோஸ் 7 லோகோவிலேயே விழுகிறது, உதவுங்கள்

மாடிவீடு:
வணக்கம். பழைய பெட்டி: கோர் 2 டுயோ ஈ7500, ஜி41 போர்டு, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. இத்தனை நாளும் ரேடியான் ஹெச்டி 5450 கார்டில் ஓடியது. போன வாரம் செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 650 வாங்கி மாட்டினேன். முதல் தடவை பெரிய பெரிய எழுத்தோடு டெஸ்க்டாப் வந்தது. என்விடியா டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் இந்தக் கூத்து. நாலு வண்ணமும் ஒன்று சேரும் இடத்தில் ஒரு நொடி நீலத்திரை, உடனே மறுபடி ஆன் ஆகும்போது முதலில் வரும் பயாஸ் திரை. சேஃப் மோடில் மட்டும் சமர்த்தாக ஓடுகிறது. கார்டே போச்சா?

ஸ்க்ரூடிரைவர்:
அதற்குள் கார்டைத் திட்டாதீர்கள். ஆன் ஆகும்போது எஃப்8 அழுத்தி, தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுங்கள், நீலத்திரை நிற்கும். ஸ்டாப் எண் என்ன? பழைய ஏஎம்டி டிரைவரை எடுத்தீர்களா?

மாடிவீடு:
116, கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றால் வருவது. ஏஎம்டி டிரைவர் அப்படியே இருந்தது. சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் துடைக்கும் மென்பொருளை வைத்து இரண்டையும் துடைத்துவிட்டு என்விடியாவை மட்டும் போட்டேன். இப்போது டெஸ்க்டாப் வருகிறது. ஆனால் பத்துக்கு நாலு தடவை, வந்த கையோடு பொட்டென்று அணைந்து தானே ஆன் ஆகிறது. நீலத்திரைகூட இல்லை.

பழையபெட்டி:
தம்பி, நீலத்திரை இல்லாமல் அணைந்தால் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். சேஃப் மோடில் ஓடுகிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். அங்கே விண்டோஸ் தன் சாதாரண விஜிஏ டிரைவரோடு நிற்கும், கார்டு அரைத்தூக்கத்தில் இருக்கும். சொந்த டிரைவர் ஏறிய பிறகுதான் அது எழுந்து கரண்ட் இழுக்கும். 5450-க்கு 19 வாட் போதும், 650-க்கு 64 வாட் வேண்டும். அதன் ஆறு பின் சாக்கெட்டுக்கு எதிலிருந்து கொடுத்தீர்கள்? எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர்? மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் எண் வேண்டாம், அது விற்பதற்குப் போட்டது.

மாடிவீடு:
450 வாட் என்று போட்டிருக்கிறது, ஆனால் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர்தான். எஸ்எம்பிஎஸ்ஸின் நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து ஆறு பின்னாக மாற்றும் வயர் போட்டேன். அதற்கு இரண்டு வால், ஒன்றைத்தான் செருகினேன், மற்றது சும்மா தொங்குகிறது. ஹார்ட் டிஸ்க்கும் அதே வயரில்தான். இப்போது கவனித்தால் அந்த வெள்ளை கனெக்டரின் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது அண்ணா.

பழையபெட்டி:
உடனே கழற்றுங்கள், அந்த வயரை இனி மாட்டவே வேண்டாம். 14-ஐ 12-ஆல் பெருக்கினால் 168 வாட். ப்ராசஸருக்கு 65, கார்டுக்கு 64. காகிதக் கணக்கு இடிக்கவில்லை, ஆனால் இவ்வளவு வயதான எஸ்எம்பிஎஸ் காகிதத்தைப் பார்த்து வேலை செய்யாது. நல்லதாக ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். பழையதைத் திறக்க வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். போர்டில் ப்ராசஸரைச் சுற்றி எந்த கெபாசிட்டராவது தலை உப்பியிருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாடிவீடு:
உப்பல் எதுவும் இல்லை. சித்தப்பா மகனின் பெட்டியிலிருந்து எஸ்எம்பிஎஸ் கழற்றி வந்து மாட்டினேன், அதில் ஆறு பின் வயர் தனியாகவே இருக்கிறது. நேற்றிலிருந்து பதினைந்து தடவை ஆன் செய்துவிட்டேன், ஒரு தடவைகூட விழவில்லை. ரொம்ப நன்றி அண்ணா. அவன்தான் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டு எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்பக் கேட்கிறான்.