“இது என்ன சாப்பிடும்?”

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:
மூன்று வாரமாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். என் நாத்தனாருக்கு மூளை முடக்குவாதம், வயது 41. பேச்சு இழுத்து இழுத்து வரும். ஆனால் ஒரு கொலுசுப் பட்டறையின் வெள்ளிக் கணக்கு முழுக்க அவர் கையில். ஏற்காட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பஜ்ஜிக் கடை. கடைக்காரர் அவரைப் பார்த்துவிட்டு என்னிடம், “இது என்ன சாப்பிடும்?” என்றார். அதுகூடப் பரவாயில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதுக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மியாக.” என் வாயிலிருந்தே ‘அது’ வந்துவிட்டது. திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் நாத்தனார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோரிமேடு தாத்தா:
கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம் அம்மா. நம் பக்கம் குழந்தையையும் ‘அது’ என்றுதான் சொல்கிறோம். பிரியத்தில் வருவது. அது இருக்கட்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் அட்டையில் வெள்ளைக் கோடு, 40 முதல் மஞ்சள், 80ஐத் தொட்டால் நீலம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. 1995 சட்டத்தில் ஏழுதான். பழைய சான்றிதழ் இருந்தாலும் புதிதாக விண்ணப்பியுங்கள், நகல் நான்கு எடுத்து வையுங்கள், லேமினேட் செய்யுங்கள். என் மைத்துனர் செய்யாமல் மழையில் நனைத்துவிட்டார்.

அஸ்தம்பட்டி வாசு:
தாத்தா, 41 வயதில் குழந்தையா? அட்டையைப் பற்றி அவர் கேட்கவேயில்லையே.

என் கதை வேறு. எங்கள் பகுதியில் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, எல்லோரும் சக்கர நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் பயிற்சி வைத்தோம். ஆளாளுக்கு செல்ஃபி. இறங்கியதும் “பாவம், எவ்வளவு கஷ்டம்” என்று உச்சுக் கொட்டினார்கள். பதினெட்டு வருடமாக நாற்காலியில் இருக்கும் ஒருவர் ஓரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நாற்காலி பழகிவிடும் சார், வாருங்கள்” என்று தெருமுனைக் கடைக்கு அழைத்துப்போனார். இரண்டடி உயரத் திண்ணைக்கு ஆறடிச் சாய்தளம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. அங்கே 24 அடி இருந்திருக்க வேண்டும். இருந்த ஆறடியிலும் மூன்று மொபெட் நின்றன. அதில் ஒன்று என்னுடையது.

மலைக்காரன்:
வாசு சொன்ன பயிற்சியில் எனக்கு நம்பிக்கையே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் தடுமாறினால் பயம் வரும், வேறென்ன வரும்? ஏற்காட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் விற்கும் பார்வையற்ற பெரியவர் ஒருவரிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். நோட்டின் விளிம்பில் இருக்கும் மேடான கோடுகளில் விரலை ஓட்டினார். “ஐந்து கோடு. ஐந்நூறு. சரி.” பக்கத்தில் என் மகன் வாயைப் பிளந்து நின்றான். அவன் கையில் இருநூறையும் ஐந்நூறையும் கொடுத்து, கண்ணை மூடச் சொல்லிப் பழக்கினார். நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மூன்று தரம் தப்பாகச் சொன்னான். “நோட்டு பழசானால் கோடு தேய்ந்துவிடும் தம்பி, அப்போது எனக்கும் தப்பும்” என்றார் பெரியவர். இப்போது வீட்டுக்கு வரும் ஒவ்வொரு நோட்டையும் மகன் தடவிப் பார்க்கிறான், மனைவிக்கு எரிச்சல்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:
தாத்தா, அட்டை இருக்கிறது, மஞ்சள் கோடு. லேமினேட்டும் செய்தாயிற்று.

நேற்று அதே கடைக்குப் போகலாம் என்று நாத்தனாரே கிளப்பினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன், வாயைத் திறக்கவில்லை. “மிள...காய்... பஜ்ஜி...” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் பொறுக்காமல், “இரண்டு பிளேட் கொடுப்பா” என்று முடித்துவிட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

“மூன்று” என்றார் நாத்தனார்.