வெட்டச் சொன்ன வரிகளில் பாதியை ஸ்கிரிப்ட் விட்டுவிடுகிறது, ஏன்?

ஏட்டுப்பூச்சி:
எங்கள் ஊர் நூலகத்தில் கிடந்த பழைய சிற்றிதழ் ஒன்றைத் தட்டச்சு செய்து மின்னூலாக்குகிறோம். மொத்தம் 212 பக்கம், ஒரே டெக்ஸ்ட் கோப்பு, 7,846 வரி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு உபரி வரிகள் இருக்கின்றன:

தொகுப்பு 3, இதழ் 7
41

அதற்குக் கீழே கட்டுரை. இந்த இரண்டும் போக வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதினேன். ரீட்லைன்ஸ் மூலம் எல்லா வரிகளையும் ஒரு லிஸ்டில் (பட்டியலில்) எடுத்து, அதன் மேலேயே ஃபார் லூப் (ஒவ்வொன்றாகப் பார்க்கும் சுற்று). வரி "தொகுப்பு" என்று தொடங்கினாலோ, ஸ்ட்ரிப் செய்தபின் (ஓர இடைவெளிகளை நீக்கியபின்) ஈஸ்டிஜிட் உண்மை என்றாலோ, அதாவது எல்லாம் இலக்கம் என்றாலோ, ரிமூவ் (நீக்கு). கடைசியில் மிச்சத்தைப் புதுக் கோப்பில் எழுதுகிறேன்.

பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் 424 வரி குறைய வேண்டிய இடத்தில் 212 தான் குறைகிறது. பெரும்பாலான பக்கங்களில் தலைப்பு போய் எண் நிற்கிறது. சில பக்கங்களில் தலைகீழ், எண் போய்த் தலைப்பு நிற்கிறது! பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

கருந்திரை:
இதற்குப் பைத்தான் எதற்கு? வரிகளைத் தேடும் கிரெப் கட்டளையில் மைனஸ் வி (பொருந்தாத வரிகளை மட்டும் காட்டு) போட்டு, விளைவை அதே கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். ஒரே வரி வேலை.

நெய்தல்:
செய்துவிடாதீர்கள்! திருப்பும் குறியைப் பார்த்ததும் ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) முதலில் அந்தக் கோப்பைக் காலி செய்யும், அப்புறம்தான் கிரெப்பைக் கூப்பிடும். கிரெப்புக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

ஏட்டுப்பூச்சி:
செய்து பார்த்துவிட்டுத்தான் உங்கள் பதிலைப் படிக்கிறேன். 0 பைட். நல்லவேளை, பென் டிரைவில் மூலப்படி இருந்தது.

கருந்திரை:
மன்னிக்கவும், என் தப்பு. வேறு பெயரில் எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

நெய்தல்:
சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம். ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்டிலிருந்தே வரியை உருவுகிறீர்கள், கோளாறு அங்கேதான். லூப் 0, 1, 2 என்று இடத்தை எண்ணித்தான் நகரும். 0-இல் இருந்த தலைப்பை எடுத்ததும், 1-இல் இருந்த எண் வரி 0-க்கு இறங்கிவிடும். லூப் அடுத்துப் பார்ப்பது 1-ஐ. எண் வரியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனவே எடுப்பதை விட்டுவிட்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை மட்டும் புது லிஸ்டில் சேருங்கள்.

தலைகீழாக நடந்த பக்கங்களுக்கும் பாதி விடை இதிலேயே இருக்கிறது. அங்கே தலைப்பு அடையாளம் தெரியாமல் தப்பியிருக்கிறது. அதை எடுக்காததால் எண் வரியின் முறை ஒழுங்காக வந்து, அது போய்விட்டது. தலைப்பு ஏன் தப்பியது? நிற்கும் வரி ஒன்றிலிருந்து "தொகுப்பு" என்ற சொல்லை மட்டும் நகலெடுத்து லென் (நீளத்தை எண்ணும் கட்டளை) போட்டுப் பாருங்கள். கையால் தட்டிய சொல்லுக்கும் போடுங்கள்.

ஏட்டுப்பூச்சி:
நான் தட்டியதற்கு 8. நகலெடுத்ததற்கு 9! திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். தலைப்பு நிற்கும் அந்த 37 பக்கங்களும் பழைய எழுத்துருவில் இருந்தவை. நண்பர் ஒருவர் எழுத்துரு மாற்றியில் போட்டு, யூனிகோடாக்கி (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றி) அனுப்பினார்.

நெய்தல்:
அந்த மாற்றியின் வேலைதான். "தொ"வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பைத்தானின் யூனிகோட்டேட்டாவில் நார்மலைஸ் இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாக்கிய வடிவம்) மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் யாராவது "ள" தட்டியிருந்தால் மட்டும் இது உதவாது. அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று. வெறும் எண் வரிகளை எல்லாம் வெட்டாதீர்கள். கட்டுரைக்குள் ஓர் ஆண்டு தனி வரியில் நிற்கலாம். முந்தைய வரி தலைப்பாக இருந்தால் மட்டும் வெட்டுங்கள். வெட்டியதைத் தனிக் கோப்பில் எழுதி, ஒருமுறை கண்ணோட்டுங்கள்.

ஏட்டுப்பூச்சி:
எல்லாம் செய்தேன். இப்போது 7,425 வரி. 424-க்கு 421 போயிருக்கிறது. மூன்று குறைகிறதே?

கருந்திரை:
முன்னுரைப் பக்கங்களுக்குத் தமிழ் எண் போட்டிருக்கிறதா?

ஏட்டுப்பூச்சி:
ஆமாம், ௧ முதல் ௰௨ வரை.

கருந்திரை:
௧ முதல் ௯ வரை ஈஸ்டிஜிட் ஏற்கும். ௰ என்பது பத்து என்ற மதிப்புள்ள தனிக் குறி, இலக்கம் இல்லை. அதனால் ௰, ௰௧, ௰௨ மூன்றும் தப்பியிருக்கும். ஈஸ்டிஜிட்டுக்குப் பதில் ஈஸ்நியூமெரிக் போடுங்கள், அது எண் மதிப்புள்ள குறிகளையும் ஏற்கும்.

ஏட்டுப்பூச்சி:
7,422! கிரெப் தப்புக்கு ஈடு செய்துவிட்டீர்கள், கருந்திரை. அந்த நண்பரிடம் இன்னும் நான்கு இதழ்கள் மாற்றியில் போட்டபடி இருக்கின்றன. வந்ததும் முதல் வேலையாக நார்மலைஸ், அதற்கும் முன்னால் பென் டிரைவில் ஒரு படி.