செஸ்னாவில் இரண்டு முறை துள்ளிவிட்டது, ஃப்ளேர் எங்கே தப்பு?

மாங்கனி_பைலட்:
சொந்த ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், விமானப் பயிற்சி வடக்கே ஒரு பள்ளியில். இதுவரை 31 மணி நேரம், அதில் சோலோ (தனியாக ஓட்டியது) 4. வண்டி செஸ்னா 172, சின்ன விமானம். நேற்று மதியம் சோலோவில், ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், வேகம் 75 நாட் இருந்தது, குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ரன்வேக்கு மேலே வந்ததும் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகிறது, பாதி ரன்வே போய்விட்டதே என்ற பதற்றத்தில் யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) முன்னால் தள்ளினேன், முன்சக்கரம் முதலில் பட்டுத் துள்ளியது. மறுபடி தள்ளினேன், மறுபடி துள்ளல். மூன்றாவது தடவை தடாலென்று விழுந்து ஒருவழியாக நின்றது. ஃப்ளேரை, அதாவது தரையைத் தொடுமுன் மூக்கைத் தூக்குவதை, எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறீர்கள், எதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறீர்கள்? அப்பா மாந்தோப்பை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார், ராத்திரி தூக்கமே இல்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஓசூர்_காற்று:
ஃப்ளேர் இல்லை, 75தான் வினை. முழு ஃப்ளாப்பில் (இறக்கையின் பின்பக்க மடிப்பை முழுதாக இறக்கி) 65 பிடி. பத்து நாட் கூடினால் வேகம் 15 சதவீதம்தான் அதிகம், ஆனால் கரைக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அதோடு இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர், அந்த உயரத்துக்குக் கீழே வந்தாலே இழுவை குறைந்து இன்னும் மிதக்கும். கண்ணை ரன்வேயின் கடைசியில் வை. தொப்பூர் கணவாயில் பைக்கில் இறங்கும்போது முன்சக்கரத்தையா பார்க்கிறாய்?

தகடூர்_தாத்தா:
அதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி, கடைசி வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டாயே. நான் விமானம் ஓட்டியவன் இல்லை, பழுது பார்த்தவன். 172இன் முன்சக்கரத்துக் கால், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகட்டில்தான் பிடித்திருக்கிறது, முன்சக்கரத்தில் அடி வாங்கினால் அந்தத் தகடு அடிப்பக்கம் சுருங்கும். எஞ்சின் மூடியான கவுலிங்கைக் கழற்றாமல் அது சரியாகத் தெரியாது. ப்ரொப்பெல்லர் நுனியையும் பார்க்க வேண்டும். நாளைக்கு அந்த வண்டியில் வேறொரு பிள்ளை ஏறும். இப்போதே இன்ஸ்ட்ரக்டருக்குப் போன் போடு, மணி என்ன ஆனாலும் பரவாயில்லை.

பாரூர்_ஏரி:
ஐயா சொன்னதை முதலில் செய்துவிட்டு வந்து இதைப் படி. ஓசூர் அண்ணா, 75ஐக் கூட மன்னிக்கலாம், 75இல் வந்தும் இறங்கியே தீருவேன் என்று தள்ளியதுதான் வினை. துள்ளியதும் நாம் தள்ளுகிறோம், நம் கை வேலை செய்வதற்குள் வண்டி தானாகவே மூக்கைக் குத்திக்கொண்டு கீழே வர ஆரம்பித்திருக்கும், ரெண்டும் சேர்ந்து அடுத்த அடி இன்னும் பலமாக விழும். லேசான துள்ளல் என்றால் மூக்கை அப்படியே பிடித்துக் கொஞ்சம் பவர் கொடு. பெரிய துள்ளல் என்றால் யோசிக்கவே யோசிக்காதே, முழு த்ராட்டில், கோ-அரவுண்ட், இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடு. ஃப்ளாப்பை மொத்தமாகத் தூக்கிவிடாதே, முதலில் 20 டிகிரி, வேகம் வந்தபிறகு மிச்சம். நான் என் சோலோவில் ஒரே மதியத்தில் மூன்று கோ-அரவுண்ட் போட்டேன், ஹாஸ்டலில் ஒரு வாரம் கிண்டல். அவ்வளவுதான்.

மாங்கனி_பைலட்:
சொல்லிவிட்டேன். கவுலிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள், ஃபயர்வால் அடியில் விரல் நீளத்துக்குச் சுருக்கம். வண்டி ஹேங்கரில் நிற்கிறது. திட்டு நன்றாகவே கிடைத்தது, சோலோ நிறுத்தம், திங்கள் முதல் மறுபடி இன்ஸ்ட்ரக்டரோடு சர்க்யூட், ஏறிச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி. ஐயா, காலை ஆறரைக்கு அந்த வண்டியில் ஜூனியர் ஒருத்தி பெயர் போட்டிருந்தது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, தோப்பில் இப்போது பெங்களூரா காய் இறக்குகிற நேரம்.